பழ ஈயின் பைஆர்என்ஏவும் மீள்வரிசை டிஎன்ஏவும்: சேர்ந்து பரிணமித்தன என்று எதைக் காட்டிச் சொல்வது?

பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. கே.ஆர். மார்க்கெட் பழக்கடைகள் பக்கம் பிடித்த மெலனோகாஸ்டர் இனப் பழ ஈக்களிலிருந்து, ஒரு தாய்க்கு ஒரு வம்சம் என்று சில வம்சங்களை வளர்த்து வைத்திருக்கிறார். அந்த ஆண்களை கேன்டன்-எஸ் என்ற பழைய ஆய்வக வம்சத்துப் பெண்களோடு சேர்த்தால், பிறக்கும் மகள்களில் பலவற்றுக்குச் சினைப்பை வளர்வதில்லை. தாய், தந்தையை மாற்றிச் சேர்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. "சிறு ஆர்என்ஏக்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவையும் மீள்வரிசை டிஎன்ஏவும் சேர்ந்து பரிணமிப்பதை இதில் காட்ட முடியுமா? எப்படிச் செய்வது?" என்று கேட்கிறார்.

காட்ட முடியும். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் சோதனை அதில் பாதியைத்தான் காட்டும். மீள்வரிசை டிஎன்ஏ என்பது மரபணுத்தொகையில் பல பிரதிகளாகத் திரும்பத் திரும்ப வரும் வரிசை; அதில் இடம்விட்டு இடம் தாவும் வகை டிரான்ஸ்போசான், அவற்றை அடக்கும் சிறு ஆர்என்ஏ பைஆர்என்ஏ. ஒரு டிரான்ஸ்போசானுக்கு எதிராகப் பைஆர்என்ஏ இருக்கிறது என்பது தற்காப்பு இருப்பதற்கு மட்டுமே சான்று. இரண்டும் ஒன்றையொன்று மாற்றின என்று சொல்ல, மாற்றம் இரு பக்கமும் நடந்திருப்பதையும், எது முன்னே எது பின்னே என்பதையும் காட்ட வேண்டும். வெளியாகும் கட்டுரைகள் பலவற்றில் இந்த இரண்டாவது பகுதி இருப்பதில்லை. அதனால்தான் பதிலை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கண்ணெதிரே இருப்பது என்ன? பெரும்பாலும் பி எலிமென்ட் என்ற டிரான்ஸ்போசான். 2,907 எழுத்து (டிஎன்ஏ, ஆர்என்ஏவின் ஓர் அலகு) நீளம், இரு முனையிலும் 31 எழுத்துத் தலைகீழ் மீள்வரிசை, நுழையும் இடத்தில் 8 எழுத்து இரட்டிப்பு. வில்லிஸ்டோனி என்ற தூரத்து உறவு இனத்திலிருந்து இது மெலனோகாஸ்டருக்குள் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் பரவிவிட்டது. கேன்டன்-எஸ் அதற்கு முன்பே ஆய்வகத்துக்கு வந்துவிட்ட வம்சம் என்பதால் அதில் பி இல்லை. தந்தை பி எலிமென்டைக் கொண்டுவருகிறது. தாயிடம் பி இல்லாததால் அதற்கெதிரான பைஆர்என்ஏவும் முட்டையில் இல்லை. மகளின் இனச்செல்களில் பி கட்டுப்பாடின்றித் தாவுகிறது, டிஎன்ஏ உடைகிறது, இனச்செல்கள் அழிகின்றன. பி உள்ள தாய் தன் முட்டைக்குள் பைஆர்என்ஏக்களைப் போட்டு அனுப்பிவிடுவதால் எதிர்த்திசைக் கலப்பில் மகள்கள் தப்பிக்கின்றன. இரு கலப்பிலும் மகளின் உட்கரு டிஎன்ஏ ஒன்றேதான். வேறுபடுவது தாயின் முட்டையில் வந்தவை மட்டுமே, அவற்றில் பைஆர்என்ஏவும் ஒன்று. கட்டுப்பாடாக வைக்க இதைவிடத் தெளிவான அமைப்பு கிடைக்காது, அதை விட்டுவிடாதீர்கள்.

இது பி-தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹோபோ என்ற இன்னொரு டிரான்ஸ்போசானும் இதே போலச் சினைப்பையை அழிக்கும். பிசிஆரில் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் முறை) இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஐ எலிமென்ட் என்ற வேறொரு டிரான்ஸ்போசான் என்றால் அறிகுறி வேறு: சினைப்பை நன்றாக இருக்கும், முட்டையும் வரும், குஞ்சு பொரிக்காது. பி இருந்தும் எந்தத் தொல்லையும் தராத வம்சங்களும் உண்டு. நடுப்பகுதியை இழந்த கேபி போன்ற குட்டை வடிவங்கள் அவற்றில் நிறைந்திருக்கும். ஆகவே பிசிஆரில் பி-யின் நடுப்பகுதி ஒரு ஜோடி, முழு நீளம் ஒரு ஜோடி என்று இரண்டு பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ) ஜோடிகள் வேண்டும்.

வெப்பநிலையைக் கவனியுங்கள். இந்த மலட்டுத்தன்மை 29 டிகிரியில் பளிச்சென்று தெரியும். 22, 23 டிகிரியில் ஏறக்குறைய மறைந்துவிடும். பெங்களூர் ஆய்வகத்தின் திறந்த மேசையில் டிசம்பரில் செய்த கலப்பும் ஏப்ரலில் செய்த கலப்பும் வேறு வேறு விடை தருவது இதனால்தான். முட்டையிடுவதிலிருந்து கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவரும் வரை 29 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள், உள்ளே ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவியையும் போடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பெட்டி எவ்வளவு குளிர்ந்தது என்று பின்னால் ஊகிக்க முடியாது. ஒரு கலப்புக்கு 50 மகள்களாவது இருக்கட்டும். மூன்று நான்கு நாள் வயதில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து நசுக்கி, முட்டை வெளிவருகிறதா என்று எண்ணினால் போதும். சந்தையில் பொறி வைக்கும்போது அனனாசேயும், தலையிலும் முதுகிலும் வெள்ளைக் கோடு போட்ட சாப்ரியோனஸும் என வேறு ஈக்கள் கலந்து வரும். ஒவ்வொரு வம்சத்திலும் ஓர் ஆணின் முன்கால் சீப்பைப் பாருங்கள்: மெலனோகாஸ்டரில் ஒரே வரிசை, அனனாசேயில் பல குறுக்கு வரிசைகள்.

இனி இந்தத் தற்காப்பு எப்படி உருவாகிறது என்பது. பழ ஈயின் பைஆர்என்ஏ 23 முதல் 29 எழுத்து நீளம். பிவி, ஆபர்ஜின், ஆகோ3 என்ற மூன்று புரதங்கள் அதைச் சுமக்கின்றன. 21 எழுத்துள்ள எஸ்ஐஆர்என்ஏ வேறு, அது டைசர்-2 என்ற நொதி வெட்டி, ஆகோ2 என்ற புரதத்தில் ஏறுவது. பைஆர்என்ஏக்களில் பெரும்பங்கு கிளஸ்டர் எனப்படும் சில இடங்களிலிருந்து வருகிறது. 2007-இல் வந்த முதல் பெரிய கணக்கெடுப்பில் 142 கிளஸ்டர்கள், மரபணுத்தொகையில் சுமார் 3.5 சதவீதம். அவற்றில் இருப்பதெல்லாம் உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் பழைய டிரான்ஸ்போசான்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஃபிளமென்கோ சுமார் 1,80,000 எழுத்து நீளமுள்ளது. ஒரே திசையில் படியெடுக்கப்படுகிறது. சினைப்பையின் உடற்செல்களில் ஜிப்ஸி, சாம், இடிஃபிக்ஸ் ஆகிய டிரான்ஸ்போசான்களை அடக்குகிறது. இரண்டாம் குரோமோசோமின் 42ஏபி சுமார் 2,40,000 எழுத்து. இனச்செல்களில் இரு திசையிலும் படியெடுக்கப்படுகிறது.

இதிலிருந்து பிறந்ததுதான் 'பொறி' கோட்பாடு. புதிய டிரான்ஸ்போசான் தாவிக்கொண்டே இருக்கும், தற்செயலாக ஒரு பிரதி கிளஸ்டருக்குள் விழும், அன்றிலிருந்து அதற்கெதிரான பைஆர்என்ஏ தயாராகும், பரவல் நிற்கும். அழகான கோட்பாடு, பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆனால் 2021-இல் 42ஏபி, 38சி, 20ஏ ஆகிய மூன்று பெரிய இனச்செல் கிளஸ்டர்களையும் நீக்கிப் பார்த்தபோது டிரான்ஸ்போசான்கள் வெறிகொண்டு கிளம்பவில்லை, ஈக்கள் மலடாகவும் இல்லை. ஃபிளமென்கோவைச் சிதைத்தால் மட்டும் மலட்டுத்தன்மை வருகிறது. அதாவது உடற்செல்களில் பொறிக்கோட்பாடு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. இனச்செல்களில் மரபணுத்தொகை எங்கும் சிதறிக் கிடக்கும் தனித்தனிப் பிரதிகளே சிறு கிளஸ்டர்களாக மாறி வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. என் பார்வையில், இனச்செல் டிரான்ஸ்போசானைப் பற்றி எழுதும்போது 'கிளஸ்டரில் விழுந்ததால் அடங்கியது' என்று இனி யாரும் சோதிக்காமல் எழுதக் கூடாது. பி-க்கு ஒரு சிறப்பிடம் உண்டு என்பதும் உண்மை: எக்ஸ் குரோமோசோமின் முனையில், டெலோமியர் என்ற நுனிக்காப்பை ஒட்டிய மீள்வரிசைகளுக்குள் விழுந்த பி பிரதி ஒன்றோ இரண்டோ தனியாகவே வலுவான அடக்கத்தைத் தருகின்றன. உங்கள் வம்சங்களில் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

ஆஸ்திரேலிய விலங்கான கோலாவின் ரெட்ரோவைரஸ் (தன்னைச் செல்லின் டிஎன்ஏவில் செருகிக்கொள்ளும் வைரஸ்) இன்னொரு பாதையைக் காட்டுகிறது. அது இப்போதுதான் கோலாவின் இனச்செல்களுக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது. எதிர்த்திசைப் பைஆர்என்ஏ இன்னும் உருவாகவில்லை. ஆனால் வைரஸின் வெட்டி ஒட்டப்படாத நீண்ட ஆர்என்ஏவே நேரடியாகப் பைஆர்என்ஏக்களாக அறுக்கப்படுகிறது என்று 2019-இல் காட்டினார்கள். நினைவு உருவாவதற்கு முன்பே ஒரு முதல்கட்டத் தடுப்பு இருக்கிறது என்று இதற்குப் பொருள். தாவரங்களில் கணக்கு வேறு விதம். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் எவாடே என்ற டிரான்ஸ்போசான் பிரதி எண்ணிக்கை சுமார் 40-ஐத் தொட்ட பிறகு 21, 22 எழுத்து ஆர்என்ஏக்களிலிருந்து 24 எழுத்துக்கு மாறி, டிஎன்ஏ மெத்திலேற்றத்தால் (டிஎன்ஏவில் மெத்தில் குழு ஏறுவது) அடங்குகிறது.

ஈயின் பக்கத்தில் புரதங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ரைனோ என்ற புரதம் இனச்செல் கிளஸ்டர்களை அடையாளம் கண்டு, டெட்லாக், கட்ஆஃப் ஆகிய துணைப் புரதங்களைக் கூட்டிவருகிறது. சிமுலன்ஸ் என்ற நெருங்கிய உறவு இன ஈயின் ரைனோவை மெலனோகாஸ்டருக்குள் வைத்தால், அது மெலனோகாஸ்டரின் டெட்லாக்கோடு சேர்வதில்லை, வேலையும் செய்வதில்லை. இவ்வளவு நெருங்கிய இனங்களுக்குள் இவ்வளவு வேகமான மாற்றம். இதைப் பார்த்ததும் 'ஆயுதப் போட்டி' என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். டிரான்ஸ்போசான் தன் வரிசையை மாற்றித் தப்பிக்கப் பார்த்தால் அதே பைஆர்என்ஏ வரிசையும் கூட மாறினால் போதும், புரதம் மாற வேண்டியதில்லை. பிவி புரதங்கள் இலக்கை வெட்டும்போது பொருந்தா எழுத்துகளையும் தாராளமாகப் பொறுத்துக்கொள்கின்றன. ஆகவே புரதத்தின் வேகம் வேறு காரணத்தால் வரலாம்: சொந்த மரபணுக்களையே தவறி அடக்கிவிடும் அபாயத்திலிருந்து விலகி விலகிப் போவதாகவும் இருக்கலாம். டிஎன்/டிஎஸ் விகிதம் (புரதத்தை மாற்றும் மாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்கும் உள்ள விகிதம்) ஒன்றுக்கு மேல் என்று காட்டுவதால் மட்டும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

சேட்டிலைட் டிஎன்ஏதான் இந்தத் துறையில் மிகவும் சுவையான பகுதி என்று நான் கருதுகிறேன். டிரான்ஸ்போசான் தாவுகிறது, அடக்குகிறோம் என்பது புரிகிறது. தாவவே தெரியாத, அடுக்கடுக்காக நிற்கும் மீள்வரிசைக்கு எதற்குப் பைஆர்என்ஏ? ரெஸ்பான்டர் என்ற சுமார் 120 எழுத்து மீள்வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் குரோமோசோமில் இதன் பிரதிகள் சில வம்சங்களில் 200-க்கும் குறைவு, சிலவற்றில் 2,000-க்கும் மேல். செக்ரிகேஷன் டிஸ்டார்ட்டர் என்ற தன்னலக் குரோமோசோமைச் சுமக்கும் ஆணில், பிரதிகள் அதிகமுள்ள எதிர்க் குரோமோசோமைப் பெற்ற விந்தணுக்கள் முழு முதிர்ச்சி அடையாமல் அழிகின்றன. தன்னலக் குரோமோசோம் 95 சதவீதத்துக்கும் மேலான பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ரெஸ்பான்டரும், எக்ஸில் பெரிதாக அடுக்கியிருக்கும் 359 எழுத்து சேட்டிலைட்டும் ரைனோவைச் சார்ந்தே பைஆர்என்ஏ தயாரிக்கின்றன. அந்தப் பைஆர்என்ஏ மீண்டும் அந்த இடத்து ஹெட்டிரோகுரோமேட்டினை (இறுகச் சுருண்டிருக்கும் டிஎன்ஏ) கட்டமைக்க உதவுகிறது.

359 எழுத்து சேட்டிலைட் இன உருவாக்கத்தையே தொட்டுவிடுகிறது. சிமுலன்ஸ் தாய்க்கும் மெலனோகாஸ்டர் தந்தைக்கும் பிறக்கும் பெண் கருக்கள் தொடக்க நிலையிலேயே சாகின்றன. தந்தையின் எக்ஸில் உள்ள அந்த அடுக்கு, செல் பிரிவின்போது பிரிய முடியாமல் இழுபடுகிறது. சிமுலன்ஸில் அந்தப் பெரிய அடுக்கே இல்லை, ஆகவே அதைச் சுருட்டி ஒழுங்குபடுத்த வேண்டிய ஏதோவொன்று தாயின் முட்டையில் வரவில்லை. அந்த அடுக்கை இழந்த எக்ஸ் வந்தால் மகள்கள் பிழைக்கின்றன. தாயிடமிருந்து வர வேண்டியது சிறு ஆர்என்ஏதான் என்பது நல்ல கருதுகோள்; நிரூபிக்கப்பட்ட முடிவாக அதை எழுதிவிடாதீர்கள்.

ஸ்டெல்லேட் என்ற மரபணுவின் கதையில் மட்டும் இரு பக்கமும் தெளிவாகத் தெரிகின்றன. எக்ஸில் ஸ்டெல்லேட் பிரதிகள், ஒய்யில் அதை அடக்கும் மீள்வரிசை. ஒய் இல்லாத ஆணின் விந்தகத்தில் ஸ்டெல்லேட் புரதம் ஊசி, நட்சத்திர வடிவப் படிகங்களாக உறைகிறது. 2001-இல் இந்த அடக்கத்துக்குக் காரணம் சிறு ஆர்என்ஏ என்று காட்டியதுதான் பிற்பாடு பைஆர்என்ஏ என்று பெயர் பெற்றதன் தொடக்கம். சிமுலன்ஸில் இந்த இணை இதே வடிவில் கிடையாது. அங்கே டாக்ஸ் என்ற தன்னல மரபணுவை ஹேர்பின் ஆர்என்ஏவிலிருந்து (தன்மேலேயே மடிந்த ஆர்என்ஏ) வரும் எஸ்ஐஆர்என்ஏ அடக்குகிறது. சிக்கல் ஒரே வகை, இரண்டு இனங்களும் தனித்தனிச் சிறு ஆர்என்ஏ வழியில் தீர்வு கண்டிருக்கின்றன. எல்லாமே வேகமாக மாறும் என்றும் எண்ண வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவில் ஒரு சேட்டிலைட்டிலிருந்து வரும் பைஆர்என்ஏ, தாயிடமிருந்து கருவுக்கு வந்த ஆர்என்ஏக்களை அழிக்கிறது. அது சுமார் 20 கோடி ஆண்டுகளாகக் காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது. மீள்வரிசையே இங்கே உயிருக்கு வேண்டிய உறுப்பாகிவிட்டது.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம்.

மலட்டு மகள்களின் சினைப்பையில் சிறு ஆர்என்ஏ எடுத்து, நல்ல மகள்களோடு ஒப்பிடாதீர்கள். வளராத சினைப்பையில் இனச்செல்களே இல்லை. இனச்செல் பைஆர்என்ஏ எல்லாமே விழுந்துவிட்டதாகத் தெரியும், அது அடக்கும் முறையின் தோல்வி அல்ல. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கலப்பை 18 டிகிரியில் செய்து சினைப்பை வளரவிட்டு ஒப்பிடுவது. இரண்டாவது, இரு கலப்பின் தாய் ஈக்களும் இட்ட 0 முதல் 2 மணி நேரக் கருக்களை எடுப்பது. கருவின் சொந்த மரபணுக்கள் பெரிதாக இயங்கத் தொடங்குவதற்கு முந்திய நேரம் என்பதால், அதில் இருப்பது பெரும்பாலும் தாய் போட்டு அனுப்பியது. நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஃபிளமென்கோ ரீட்களின் (வரிசைப்படுத்தும் கருவி படித்த துண்டுகள்) பங்கைப் பார்த்தால் மாதிரியில் உடற்செல் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சினைப்பை என்றால் 20 முதல் 25 ஜோடி, டிரைசால் என்ற ஆர்என்ஏ பிரிக்கும் கரைசலில் எடுங்கள். சிறு ஆர்என்ஏவைத் தக்கவைக்காத சாதாரண 'காலம்' (column) கிட் வேண்டாம். பழ ஈயில் எல்லாரும் ஒருமுறை மாட்டிக்கொள்ளும் இடம் 2எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ: சரியாக 30 எழுத்து, பைஆர்என்ஏவின் தலைக்கு மேலேயே நிற்கும். கவனிக்காமல் விட்டால் லைப்ரரியின் (வரிசைப்படுத்தத் தயாரித்த துண்டுத் தொகுதி) பெரும்பகுதியை அது தின்றுவிடும். 15 சதவீத அக்ரிலமைடு-யூரியா ஜெல்லில் 18 முதல் 29 வரை வெட்டியெடுத்தாலும் கொஞ்சம் கசியும். ஆகவே அதற்கு எதிரான தடுப்பு ஆலிகோவையும் (சிறு டிஎன்ஏ துண்டு), அடாப்டர் (வரிசைப்படுத்துவதற்காக முனையில் ஒட்டும் துண்டு) ஒட்டும் முன் சேருங்கள்.

பைஆர்என்ஏவின் 3' முனையில் ஹென்1 நொதி மெத்தில் குழு வைக்கிறது. இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. நன்மை: 25 மில்லிமோலார் சோடியம் பெரயோடேட்டை, பிஎச் 8.6 போரேட் கரைசலில், இருட்டில் அரை மணி நேரம் வைத்தால் மெத்தில் இல்லாத முனைகள் சிதைந்து அடாப்டர் ஒட்டாது. மைக்ரோஆர்என்ஏவும் (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் வேறு வகைச் சிறு ஆர்என்ஏ) சிதைவுத் துண்டுகளும் விலகிவிடும். பெரயோடேட் அன்றன்று கரைத்ததாக இருக்க வேண்டும். தொல்லை: மெத்தில் முனையில் அடாப்டர் ஒட்டுவதே மெதுவாக நடக்கும். கிட் சொல்லும் ஒரு மணி நேரத்தை விட்டு, பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) அளவைக் கூட்டி, 16 டிகிரியில் இரவு முழுதும் வையுங்கள். முனையில் நான்கு தற்செயல் எழுத்துள்ள அடாப்டர் ஒட்டுதலின் சாய்வைக் குறைக்கும்.

அளவை ஒப்பிட எதனால் வகுப்பது? மொத்த ரீட்களால் வகுத்தால், பைஆர்என்ஏ குறைந்த மாதிரியில் மைக்ரோஆர்என்ஏ பெருகியதாகப் பொய் காட்டும். பெரயோடேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்யாத லைப்ரரியில் மைக்ரோஆர்என்ஏவால் வகுக்கலாம். செய்ததில் மைக்ரோஆர்என்ஏவே இருக்காது. ஆகவே 3' முனை மெத்திலேற்றப்பட்ட செயற்கை ஆர்என்ஏவை, ஜெல்லுக்கு முன்பே, தெரிந்த அளவில் கலந்துவிடுங்கள். இதைப் பின்னால் சேர்க்க வழியே இல்லை.

மேப் செய்யும்போது (ரீட்களை வரிசைகளோடு பொருத்திப் பார்ப்பது) ரைபோசோம், டிஆர்என்ஏ, ஸ்னோஆர்என்ஏ ரீட்களை முதலில் கழியுங்கள். டிரான்ஸ்போசான் பொது வரிசைகளோடு மூன்று எழுத்து வரை பிழை அனுமதித்து ஒரு முறையும், மரபணுத்தொகையோடு பிழையின்றி ஒரு முறையும் பாருங்கள். முதலாவது 'எதற்கு எதிராக', இரண்டாவது 'எங்கிருந்து' என்ற கேள்விக்கு விடை. ஓரிடத்தில் மட்டும் பொருந்தும் ரீட்களை வைத்தே ஓர் இடத்தைக் கிளஸ்டர் என்று சொல்லலாம். பல இடத்தில் பொருந்துவதைச் சமமாகப் பங்கிட்டால் இல்லாத கிளஸ்டர்கள் முளைக்கும். இணையத்தில் கிடைக்கும் மேற்கோள் மரபணுத்தொகை உங்கள் ஈயுடையது அல்ல என்பதையும் மறக்காதீர்கள். அதில் பி எலிமென்டே கிடையாது.

பிங்-பாங் என்பது இரு திசைப் பைஆர்என்ஏக்களும் மாறி மாறி எதிர்த்திசை ஆர்என்ஏவை வெட்டி ஒன்றையொன்று பெருக்குவது; அதன் அடையாளம் எதிரெதிர் ரீட்களின் 5' முனைகள் 10 எழுத்து மேற்பொருந்துவது. ஒரு பக்கம் முதல் எழுத்து யூரேசில், மறுபக்கம் பத்தாவது எழுத்து அடினைன். 1 முதல் 20 வரை எல்லா மேற்பொருத்தங்களையும் எண்ணி, மற்றவற்றின் சராசரியோடும் விலக்கத்தோடும் 10-ஐ ஒப்பிடுங்கள். சேட்டிலைட்டில் இதைக் கண்மூடிச் செய்யக் கூடாது. ஏஏஜிஏஜி போன்ற ஐந்தெழுத்து மீள்வரிசையில் ஒரு ரீட் ஐந்தைந்தாக எங்கு வேண்டுமானாலும் பொருந்தும். 10-இல் உச்சம் தெரிந்தால் 5-இலும் 15-இலும் 20-இலும் அதே உச்சம் இருக்கும். அது பிங்-பாங் அல்ல, வெறும் மீள்வரிசையின் கணக்கு. ரெஸ்பான்டர், 359 போன்ற நீண்ட அலகுகளில் சிக்கல் இல்லை, ஓர் அலகை எடுத்து முனை மறுமுனையாக இரண்டு முறை அடுக்கி அதன்மேல் மேப் செய்யுங்கள்.

பரிணாமம் என்று சொல்ல உங்களுக்கு வேண்டிய மறுபாதி இதுதான்: ஒவ்வொரு வம்சத்திலும் பி எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடம். குறுந்துண்டு வரிசைப்படுத்தலில் மீள்வரிசைகள் ஒன்றாக நசுங்கிவிடும். குறைந்தது மூன்று நான்கு வம்சங்களையாவது நீண்ட ரீட்களில் வரிசைப்படுத்துங்கள். அடக்கும் திறன் அதிகமுள்ள வம்சம், நடுத்தரம், இல்லாதது என்று தேர்ந்தெடுங்கள். ஒரு கிளஸ்டர் இரண்டு வம்சங்களிலும் உள்ளதா என்பதை உள்ளே இருக்கும் டிரான்ஸ்போசான்களை வைத்துப் பார்க்காமல், இரு புறமும் உள்ள தனித்த வரிசைகளை வைத்து அடையாளம் காணுங்கள். பிறகு பி நுழைந்த இடத்தின் இரு பக்கத்திலிருந்தும் புதிதாகப் பைஆர்என்ஏ கசிகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்து வரிசை எல்லா வம்சங்களிலும் ஒன்றே. பி உள்ள வம்சத்தில் மட்டும் அங்கே பைஆர்என்ஏ இருந்தால், பி வந்த பிறகுதான் அந்த இடம் பைஆர்என்ஏ ஆலையானது என்று காலவரிசையோடு சொல்லலாம். இது ஒரு பக்கத்து மாற்றம். பி-யின் பக்கம் முழுநீளப் பிரதிகளுக்கும் கேபி போன்ற குட்டைகளுக்கும் உள்ள விகிதத்தை, பைஆர்என்ஏ அளவோடு சேர்த்து வம்சம் வம்சமாக வையுங்கள்.

பணமும் நேரமும் மிஞ்சினால், 29 டிகிரிக் கலப்பில் சினைப்பை ஓரளவு தப்பிய மகள்களை எறிந்துவிடாமல் மூன்று வாரம் வளருங்கள். இளமையில் மலடாக இருக்கும் இத்தகைய மகள்கள் வயதானதும் சிலவற்றில் முட்டையிடத் தொடங்குகின்றன என்று 2011-இல் காட்டப்பட்டிருக்கிறது. பி-க்கு எதிரான பைஆர்என்ஏ மெல்லக் கூடுகிறது, கிளஸ்டர்களுக்குள் புதிய நுழைவுகளும் வருகின்றன, அவை அடுத்த தலைமுறைக்கும் போகின்றன. 4 நாள், 21 நாள் என்று இரண்டு வயதில் சினைப்பைகளை எடுங்கள். அவை இட்ட முட்டைகளிலிருந்து வந்த பிள்ளைகளில் பத்துப் பன்னிரண்டைத் தனித்தனியே வரிசைப்படுத்துங்கள். கூட்டாகப் போட்டால் ஒரு பிள்ளையில் மட்டும் உள்ள புதிய நுழைவு இரைச்சலில் கரைந்துவிடும்.